புள்ளியில்லாத வார்த்தை

ஊருக்கெல்லாம் பெயர்ப்பலகை செய்கிறவருக்குப் பெயர் இல்லாமல் போனது வேடிக்கைதான். தெருவில் யாரைக் கேட்டாலும் அவர் 'கத்தரி', அவர் மனைவி 'பசை'. இரண்டையும் சூட்டியவர் பக்கத்து மருந்துக்கடைக்காரர். பிளாஸ்டிக் தகட்டில் எழுத்துகளை வெட்டி எடுப்பது கணவர், அவற்றைப் பலகையில் ஒட்டுவது மனைவி. அதனால் அந்தப் பெயர்கள். கத்தரி முதலில் முறைத்தார். பசையோ, "கையிலதான் பசை இல்ல, பேர்லயாவது இருக்கட்டுமே" என்று சிரித்து ஏற்றுக்கொண்டாள். அதற்குமேல் அவர் முறைத்து என்ன ஆகப்போகிறது?

கத்தரி வெட்டியது தகட்டை மட்டுமல்ல. வாடிக்கையாளர் கொண்டுவரும் வாக்கியங்களையும் வெட்டுவார். செருப்புக்கடைக்காரர் ஒருவர், "ஆண்கள், பெண்கள், குழந்தைகள் அனைவருக்கும் உகந்த தரமான காலணிகள் எங்களிடம் நியாயமான விலையில் கிடைக்கும்" என்று எழுதிக்கொண்டு வந்தார். கத்தரி அதைப் படித்துவிட்டு, பென்சிலால் கோடு மேல் கோடு போட்டு, கடைசியில் 'காலணி' என்று ஒரே ஒரு வார்த்தையை மிச்சம் வைத்தார். "கால் இருக்கறவனுக்கு இது போதும்" என்றார். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற தொழிலில் எழுத்தைக் குறைத்தால் நஷ்டம் தனக்குத்தான் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நீளமான வாக்கியத்தைக் கண்டால் மனுஷனுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். என்ன செய்வது, சிலருக்கு அப்படி ஒரு பிறவிக்குணம்.

வாக்கியத்துக்கு அடுத்தபடி அவருக்கு ஆகாதது புள்ளி. மெய்யெழுத்தின் தலைமேல் உட்காரும் அந்தப் புள்ளியைத் தனியாக வெட்ட வேண்டும். வெட்டியதும் அது மேசையிலிருந்து குதித்து, தகடு வெட்டும் இயந்திரத்துக்கு அடியில் ஓடிவிடும். மண்டியிட்டுத் தேடினாலும் கிடைக்காது. பசைதான் சமர்த்தாக ஒரு பழைய மிட்டாய் டப்பா நிறைய உபரிப் புள்ளிகளைச் சேர்த்து வைத்திருந்தாள். அவருக்கோ புள்ளியில்லாத வார்த்தை கிடைத்தால் அன்றைக்கு முழுக்கக் குஷி.

"விடுமுறை. பாத்தியா இதை? ஒரு புள்ளி கிடையாது. பலகைக்காரன் நல்லா இருக்கணும்னு யாரோ புண்ணியவான் செஞ்ச வார்த்தை" என்பார்.

அந்தப் புண்ணியவான் வார்த்தையை அவர் தெருவில் இருந்த அத்தனை கடைக்கும் வெட்டிக் கொடுத்திருந்தார். முடிதிருத்துகிறவர் வாரம் ஒருமுறை அதைக் கதவில் மாட்டுவார். மருந்துக்கடைக்காரர்கூடத் தன் மாமனார் வீட்டுக்குப் போகும்போது மாட்டுவார். மாட்டாத கடை ஒன்றே ஒன்று, அது கத்தரியின் கடை. கல்யாணமான நாளிலிருந்து பசை அந்தக் கடைக்குப் பூட்டு விழுந்து பார்த்ததில்லை. காய்ச்சல் வந்தாலும் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்து யாருடைய வாக்கியத்தையாவது வெட்டிக்கொண்டிருப்பார்.

பசைக்கு ஓர் ஆசை இருந்தது. நகையும் புடவையும் இல்லை. மலைகளுக்கு நடுவே ஒரு ஏரியை அவரோடு போய்ப் பார்க்க வேண்டும். அதன் கரையில் அவர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், எந்தப் பலகையையும் பார்க்காமல் தண்ணீரைப் பார்க்க வேண்டும். மனுஷன் சும்மா உட்கார்ந்தால் எப்படி இருப்பார் என்றே அவளுக்குத் தெரியாது. அதைப் பார்க்காமலேயே வயதாகிவிடுமோ என்று அவளுக்கு உள்ளுக்குள் பயமாக இருந்தது.

ஆசைக்கு விதை போட்டவள் ஒரு விடுதிக்கார அம்மாள். மலைமேல் ஏரிக்கரையில் விடுதி நடத்துகிறவள். தன் அறைக் கதவுகளுக்குச் சின்னச் சின்னப் பலகைகள் வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டாள். பலகைகள் போய்ச் சேர்ந்ததும் மகிழ்ந்துபோய் நான்கு படங்களை அனுப்பி வைத்தாள். நான்கும் ஒரே ஏரிதான். ஒன்றில் கரையெல்லாம் பூ, ஒன்றில் வெயிலும் படகுகளும், ஒன்றில் மலை முழுக்கச் சிவந்த இலை, ஒன்றில் வெள்ளை வெளேரென்று பனி. "தங்கச்சி, நீயும் உன் வீட்டுக்காரரும் எப்ப வேணா வாங்க. என் விருந்தாளியா வந்து தங்குங்க" என்று போனில் சொன்னாள்.

பசை அந்த நான்கு படங்களையும் கடைச் சுவரில் ஒட்டினாள். ஆணியடித்தால் அவர் கழற்றி வைத்துவிடுவார் என்று தெரிந்து, மழையிலும் வெயிலிலும் விடாத பசையை எடுத்துத் தடவினாள்.

அன்றைக்குத் தொடங்கியது திட்டம். எந்தக் காலத்தில் போவது? பசைக்கு நான்கும் சம்மதம். கத்தரிக்கு நான்கிலும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது.

"பூக்கற காலத்துல எப்படிப் போறது? புதுக் கடைங்க திறக்கற நேரம்."

"சரி, வெயில் காலத்துல?"

"வெயில்லதான் பழைய போர்டெல்லாம் வெளுத்துப் போகும். எல்லாம் மாத்த வருவாங்க."

"இலை சிவக்கறப்ப?"

"காத்தடிக்கும். பாதி எழுத்து பிச்சுக்கிட்டுப் போகும். யார் ஒட்டறது?"

"அப்பப் பனிக்குப் போவோம்."

"குளிர்ல பசை காயாது. ஒரு நாள் வேலை மூணு நாள் இழுக்கும். அந்த நேரத்துல கடையைப் பூட்டவா சொல்ற?"

இப்படியே பூ உதிர்ந்து, வெயில் தணிந்து, இலை விழுந்து, பனியும் உருகியது. நான்கு படங்களும் சுவரை விட்டு அசையவில்லை. மருந்துக்கடைக்காரர் அவ்வப்போது எட்டிப் பார்த்து, "உங்க வீட்லதாண்ணே வருஷம் பூராவும் விடுமுறை. திட்டத்துல" என்று சீண்டிவிட்டுப் போவார். பசை சிரிப்பாள். ஆனால் அந்தச் சிரிப்பு நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டு வந்தது.

அடுத்த வெயில் முடியும் நேரத்தில் விடுதிக்கார அம்மாள் மறுபடி கூப்பிட்டாள். வாசலில் இருந்த பழைய பலகை மக்கிப்போய்விட்டதாம். புதிதாக ஒன்று, பெரியதாக வேண்டும்.

"நான் சொல்றதை அப்படியே போட்டுடுங்க தம்பி. எங்கள் விடுதி வருஷம் முழுக்கத் திறந்திருக்கும், பனியோ மழையோ எந்தக் காலத்தில் வந்தாலும் உங்களுக்கு விடுமுறைதான், வாங்க. அவ்வளவுதான். பனிக்காலத்துல மூடிடுவோம்னு எல்லாரும் நெனைக்கிறாங்க, அதான்."

அவ்வளவுதானாம்! போனை வைப்பதற்குள் கத்தரிக்கு அரிப்பு எடுத்துவிட்டது. 'எங்கள் விடுதி' எதற்கு, விடுதி வாசலில்தானே பலகை இருக்கப்போகிறது? வெட்டு. 'பனியோ மழையோ' எதற்கு, ஆண்டு முழுவதும் என்றால் எல்லாம்தான். வெட்டு. 'திறந்திருக்கும்' என்றால் மூன்று புள்ளி. வெட்டு. 'உங்களுக்கு' என்றால் இரண்டு புள்ளி. வந்து நிற்கிறவனுக்கு இல்லாமல் வேறு யாருக்கு? வெட்டு. கடைசியில் பளிச்சென்று நின்றது வாசகம்.

ஆண்டு முழுவதும் விடுமுறை.

"ரெண்டே புள்ளி. எப்படி?" என்று அவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். பசை ஒவ்வோர் எழுத்தாக எடுத்துத் தடவி ஒட்டினாள். ஒட்டுகிறவளுக்கு வார்த்தை தெரியாது, எழுத்துதான் தெரியும். 'ழு'வின் வால் கோணாமல் இருக்கிறதா, 'றை'க்குப் பக்கத்தில் பசை பிதுங்குகிறதா என்பதுதான் அவள் கவலை. பலகை லாரி ஏறிப் போனது.

அது போன சில வாரத்தில் பசைக்குத் தாளவில்லை. நாம் செய்த பலகையே அந்த ஏரியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லையா என்று தோன்றியது. விறுவிறுவென்று போய்ப் பேருந்துக்குச் சீட்டு எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள்.

"இலை சிவந்திருக்காம். பத்து நாள்" என்றாள்.

"பத்தா? ஒரு வாரம் போதாது?"

"சரி, ஒரு வாரம்."

"ஒரு வாரத்துல என்ன பாக்கப் போற? அதே தண்ணிதானே. நாலு நாள்."

வாக்கியத்தை வெட்டுகிற அதே பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டே அவர் பேசினார். அவள் அந்தப் பென்சிலைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தாள். நாலு நாளுக்கு ஒத்துக்கொண்டாள், ஆனால் ஒரு நிபந்தனை.

"என் தலையில கை வச்சு சத்தியம் பண்ணுங்க. போற வழியில ஒரு போர்டையும் படிக்கக் கூடாது. போன இடத்துல வேலைன்னு ஒரு துரும்பைத் தொடக் கூடாது."

அவர் உதட்டைக் கடித்தார், தலையைச் சொறிந்தார், கடைசியில் கையை வைத்தார்.

கிளம்புகிற அன்று காலை அவர் குளித்துவிட்டு வருவதற்குள் அவள் மிச்சம் கிடந்த எழுத்துகளைப் பொறுக்கி, ஒரு துண்டுப் பலகையில் ஒட்டிக் கடைக் கதவில் மாட்டிவிட்டாள். விடுமுறை. ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு நிறம். அவர் வெளியே வந்து பார்த்துத் திகைத்தார்.

"எத்தனை நாள்னு போடலையே?"

"எழுத்துக்குக் காசாச்சே. சுருக்கிட்டேன்."

மருந்துக்கடைக்காரர் தன் கடை வாசலில் நின்று கைதட்டியது தெரு முழுக்கக் கேட்டது.

பேருந்தில் கத்தரி பட்டபாட்டைச் சொல்லி மாளாது. ஜன்னலோரம் உட்கார்ந்தவர், ஊருக்கு ஊர் வரிசையாகப் பலகை வர வர, கண்ணை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். "குனிங்க, பெரிசா ஒண்ணு வருது" என்று பசை எச்சரிப்பாள். அவர் குனிந்து தன் செருப்பைப் பார்ப்பார். ஓரிடத்தில் தாங்க முடியாமல், "அந்த மிட்டாய்க்கடைப் போர்டுல ஏழு வார்த்தை இருந்துதா இல்லையா, அதை மட்டும் சொல்லு" என்று கெஞ்சினார். அவள் அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பிவிட்டாள். மலை ஏற ஏறப் பலகைகள் குறைந்தன. மரங்கள் வந்தன. மஞ்சளும் சிவப்புமாக மரங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக மலை உச்சி வரைக்கும். அவர் குனிவதை மறந்து பார்க்க ஆரம்பித்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டு வந்தாள். மனசு நிறைந்து போயிருந்தது.

மாலை வெயில் சாயும் நேரத்தில் பேருந்து அவர்களை ஒரு வளைவில் இறக்கிவிட்டுப் போனது. எதிரே விடுதியின் வாசல். காற்றுக்காகக் கதவைச் சாத்தியிருந்தார்கள். உள்ளே ஆள் அரவமே இல்லை. முற்றத்தில் ஒரு வண்டிகூட நிற்கவில்லை. பசை நிமிர்ந்து வாசலுக்கு மேலே இருந்த பெரிய பலகையைப் படித்தாள்.

"என்னங்க, பூட்டிட்டாங்க."

"என்னது?"

"வருஷம் முழுக்க லீவாம். பெரிசா எழுதிப் போட்டிருக்காங்க. ஐயோ, நம்மளை வரச் சொல்லிட்டு இப்படிப் பண்ணிட்டாங்களே!"

அவர் செருப்பைப் பார்த்தபடியே நின்றார். சத்தியமாயிற்றே. "நான் பாக்கலாமா?" என்று கேட்டார்.

"பாருங்க, பாருங்க. இதுக்கு மேல என்ன சத்தியம்."

அவர் தலையைத் தூக்கினார். முதலில் முகத்தில் பெருமை பொங்கியது, தன் பிள்ளையை வெளியூரில் பார்த்த தகப்பன் மாதிரி. 'ழு'வின் வால் கோணவில்லை, ஓர் எழுத்தும் உதிரவில்லை. பிறகு அவர் உதடு மெல்ல அசைந்து வாசகத்தைப் படித்தது. இன்னொரு முறை படித்தது. அதற்கப்புறம் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இது நாம செஞ்சது" என்றார் மெதுவாக.

பசைக்கும் அப்போதுதான் உறைத்தது. தன் கையால் ஒவ்வொன்றாகத் தடவி ஒட்டிய எழுத்துகள். மேசைமேல் கிடந்தபோது அவருக்கு அது கொண்டாட்டமாகத் தெரிந்தது. இங்கே சாத்திய கதவுக்கு மேலே அது பூட்டாகத் தொங்கியது. தெரு முழுக்க எத்தனை கதவில் அந்த வார்த்தையை மாட்டியிருப்பார்கள்! அதைப் பார்த்தவன் எவனாவது உள்ளே நுழைந்திருக்கிறானா?

அந்த நேரம் பார்த்துப் பக்கவாட்டு வழியாக ஒரு வாளியோடு வந்தாள் விடுதிக்கார அம்மாள். ஆள் வாட்டசாட்டம், முகம்தான் வாடிக் கிடந்தது. தாங்கள் யாரென்று பசை சொன்னதும் வாளியைக் கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள்.

"வந்துட்டீங்களா! நீங்களாவது வந்தீங்களே! போன வருஷம் இந்த நேரத்துல நிக்க இடம் இருக்காது தங்கச்சி. இந்த வருஷம் ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. வண்டி வரும், வாசல்ல நிக்கும், திரும்பிப் போயிடும். போன் பண்றவங்களெல்லாம் 'மூடிட்டீங்களாமே'ன்னு கேக்கறாங்க. எல்லாம் மலைக்குக் கீழ எனக்குப் போட்டியா இருக்கற அந்தக் கீழ் விடுதிக்காரன் கிளப்பின புரளி. நேத்துதான் அவன் வீட்டு வாசல்ல நின்னு கிழிகிழின்னு கிழிச்சுட்டு வந்தேன். நீங்க இருந்துட்டுப் போனதும் இழுத்துப் பூட்டிட்டு என் பொண்ணு வீட்டோட போயிடலாம்னு இருக்கேன்."

கத்தரி பசையைப் பார்த்தார். அந்தப் பார்வை என்ன சொல்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இப்போது வாயை மூடிக்கொண்டு நாலு நாள் இருந்துவிட்டு, ஊருக்குப் போய் வேறு பலகை செய்து அனுப்பிவிடலாம் என்கிற பார்வை. சொன்னால் இந்த அம்மாள் இப்போதே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாலும் தள்ளுவாள். விடுதிக்குப் பின்னால் இருக்கும் ஏரி இன்னும் கண்ணில்கூடப் படவில்லை. தள்ளிவிட்டால் இந்த மனுஷனை மறுபடி கடையிலிருந்து கிளப்ப முடியுமா? தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தாலும் முடியாது. ஆனாலும் அவள் தலையை ஆட்டினாள். சொல்லுங்க.

கத்தரி தொண்டையைக் கனைத்தார். "அம்மா, இப்படி வந்து ரோட்டுல நில்லுங்க. நீங்க யாரோ, வழிப்போக்கர்னு நெனச்சுக்கிட்டு அந்தப் போர்டை ஒரு தடவை படிங்க."

அம்மாள் போய் நின்றாள். படித்தாள். "நல்லாத்தானே இருக்கு? ஆண்டு முழுவதும்…" என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்தினாள்.

"நான்தாம்மா வெட்டினேன். நீங்க முழுசாத்தான் சொன்னீங்க. என் கை சும்மா இருக்கல. தப்பு என்னோடது, பாவம் அந்தக் கீழ் விடுதிக்காரரோடது இல்ல."

காற்றுதான் அடித்தது. பசை பெட்டியின் பிடியை இறுக்கிக்கொண்டாள். அம்மாளின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாளோ என்று பசை பதறி ஓடினாள். அம்மாள் அழவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, நடு ரோட்டில் உட்கார்ந்து சிரித்தாள்.

"ஐயோ தம்பி! அந்த மனுஷனை நான் என்னென்னவெல்லாம் பேசினேன்! ஒண்ணும் புரியாம ஆந்தை மாதிரி முழிச்சுக்கிட்டு நின்னான்யா!"

சிரித்து ஓய்ந்ததும் எழுந்து சேலையைத் தட்டிவிட்டு, "சரி, இப்ப இதை என்ன பண்றது?" என்று கேட்டாள்.

கத்தரியின் கை தானாகக் காதுக்குப் போனது. பென்சில் இல்லை. உடனே அவருக்குச் சத்தியம் நினைவுக்கு வந்து கையைக் கீழே போட்டார். வேலையைத் தொடக் கூடாது. அதுவும் அவள் தலைமேல் செய்த சத்தியம். பசை பெட்டியைத் திறந்தாள். துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு பிரஷ்ஷை எடுத்தாள்.

"நீ எதுக்கு இதைக் கொண்டு வந்த?"

"மூணாம் நாள் உங்களுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சுடும்னு தெரியும். மருந்து மாதிரி எடுத்து வச்சேன்."

"ஆனா நான் சத்தியம்…"

"நீங்கதானே பண்ணினீங்க? நானா பண்ணினேன்?"

படகுத் துறையிலிருந்து படகுக்கு அடிக்கிற நீலப் பெயிண்ட் டப்பாவை அம்மாள் எடுத்துவந்தாள். ஏணியும் இருந்தது. பசை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். வாழ்நாளெல்லாம் அவர் வெட்டிய எழுத்தை ஒட்டியவள், முதன்முதலாகத் தன் எழுத்தை எழுதினாள். வாசகத்துக்கு மேலே இருந்த வெற்றிடத்தில், நீலத்தில், கொஞ்சம் கோணலாக: உங்களுக்கு.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் தவித்தார். "அந்த 'ங்' கொஞ்சம் சாஞ்சிருக்கு."

"ஏணியைப் பிடிங்க."

"'ளு' சுழி பத்தல."

"ஏணிய விட்டீங்கன்னா உங்க மேலதான் விழுவேன்."

அவர் ஏணியை இறுக்கிப் பிடித்தார். அவள் இரண்டு புள்ளியையும் ஆசையாக, தடியாக வைத்தாள். இறங்கப் போனவளைக் கீழேயிருந்து அவர் குரல் நிறுத்தியது.

"இரு. கீழ இன்னும் இடம் இருக்கு. இன்னொரு வரி சேத்துக்கோ."

பசை தன் காதையே நம்பாமல் குனிந்து பார்த்தாள். சேர்த்துக்கொள்வதா? இந்த மனுஷனா சொல்வது?

"எங்களுக்கு இல்லை, வாங்க. அப்படிப் போடு" என்றார். "புள்ளி எத்தனை வந்தாலும் பரவால்ல."

எழுதி முடித்து மூவரும் ரோட்டுக்குப் போய் வழிப்போக்கரைப் போல நின்று படித்தார்கள். உங்களுக்கு ஆண்டு முழுவதும் விடுமுறை. எங்களுக்கு இல்லை, வாங்க. நீலம் காயக்கூட இல்லை, வளைவில் ஒரு வண்டி வந்து நின்றது. உள்ளே அப்பா, அம்மா, பின்னால் பிள்ளைகள். அவர்கள் பலகையைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள். வண்டிக் கதவு திறந்தது.

"இடம் இருக்காங்க?" என்று கேட்டார் அந்த அப்பா.

"இருக்கு, இருக்கு! வீடு நெறைய இருக்கு!" என்று விடுதிக்கார அம்மாள் வாளியை மறந்து ஓடினாள்.

மறுநாள் காலை பசை ஏரியைப் பார்த்தாள். படத்தில் பார்த்ததெல்லாம் சும்மா. சிவந்த மலை அப்படியே தலைகீழாகத் தண்ணீருக்குள் நின்றது. ஒரு படகு போனால் மலை நொறுங்கிப் பிறகு மெல்லக் கூடியது. கத்தரி கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். முதலில் விரல்கள் தொடையில் தாளம் போட்டன. கொஞ்ச நேரத்தில் தாளம் நின்றது. சும்மா உட்கார்ந்தால் அவர் எப்படி இருப்பார் என்று கடைசியில் அவள் கண்டுபிடித்தாள். வாயை லேசாகத் திறந்துகொண்டு, சின்னப் பையனைப் போல இருந்தார். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை.

விடுதி நிறைந்துவிட்டதால் தங்கள் அறையை ஒரு குடும்பத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, இவர்கள் படகுத் துறைக்கு மேலிருந்த சின்ன அறைக்குப் போனார்கள். ஜன்னலைத் திறந்தால் தண்ணீர். விடுதிக்கார அம்மாள் கீழ் விடுதிக்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போனாள். அவர் அதற்குள் தனக்கும் அதே மாதிரி ஒரு பலகை வேண்டும் என்று கேட்டாராம். நாலாம் நாள் பசை பெட்டியைக் கட்டத் தொடங்கியபோது, கத்தரி போனை எடுத்து மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டார்.

"கடையில மாட்டியிருக்கற போர்டு அப்படியே இருக்கட்டும். யாராவது கேட்டா, எப்ப வருவோம்னு தெரியலன்னு சொல்லு" என்றார். பசை கட்டிய பெட்டியை அவிழ்த்தாள்.

கிளம்பும்போது விடுதிக்கார அம்மாள் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "இனிமே நாலு காலமும் அந்த அறை உங்களுக்குத்தான். அடுத்தது பனி. வரணும்." கத்தரி தலையாட்டினார். பசை அந்தத் தலையாட்டலை முழுசாக நம்பவில்லை. குளிரில் பசை காயாது என்ற பழைய பாட்டு ஊருக்குப் போனதும் வரும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஊருக்கு வந்தார்கள், வேலை குவிந்து கிடந்தது, குளிர் வந்தது. பனிக்குப் போக வேண்டிய நாள் நெருங்கியது. அவர் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஒருநாள் காலை அவள் மாடியிலிருந்து இறங்கும்போதே கடையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அவசர ஆர்டர்" என்றார் அவர் நிமிராமல். "இன்னிக்கே மாட்டணும்."

அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "யாருக்கு?"

"இங்க பக்கத்துலதான், ஒரு கடைக்கு. காசு தர மாட்டான். கஞ்சப்பய."

அவள் பசையை எடுத்தாள். எழுத்து எழுத்தாகத் தடவி ஒட்டினாள், வழக்கம்போல வார்த்தையைப் பார்க்காமல்.

"டப்பாவைத் திற. மூணு புள்ளி வேணும்" என்றார்.

மூன்று புள்ளிக்கு இவர் எப்படிச் சம்மதித்தார் என்று நினைத்துக்கொண்டே அவள் அதையும் ஒட்டினாள். அவர் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். ஏரியிலிருந்து வந்தபின் அவளுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. எந்தப் பலகையையும் தெருவில் இறங்கி நின்று வழிப்போக்கரைப் போல ஒரு முறை படித்துவிடுவாள். அன்றைக்கும் இறங்கினாள். எதிர்ப்பக்கம் போய்த் திரும்பினாள். அவர் பலகையைத் தங்கள் கடைக் கதவில் மாட்டிக்கொண்டிருந்தார்.

எங்களுக்கும் விடுமுறை.

மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, 'விடுமுறை'ன்னாலே போதுமே. எதுக்கு 'எங்களுக்கும்'? அந்த 'உம்'மையாவது வெட்டிடலாமே?"

"அதுல கை வைக்காத. ஊருக்கெல்லாம் வெட்டிக் குடுத்துட்டு நாங்க மட்டும் உக்காந்திருந்தோமே, அதுக்குத்தான் அந்த 'உம்'" என்றார் கத்தரி. மனைவி பக்கம் திரும்பாமல், கதவைப் பார்த்தபடி, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

பசைக்குக் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது. ஆனாலும் சும்மா விடுவாளா?

"எத்தனை நாள்னு போடலையே?" என்று தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள்.

"தெரிஞ்சாத்தானே போடறதுக்கு" என்றார் அவர். "மேல போய்ப் பெட்டியை எடு. பஸ்ஸுக்கு நேரமாச்சு."